குடிக்கொரு எழுத்து

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கணினித் திரையின் நடுவில் மென்பொருளின் வரவேற்புப் படம் வந்து நின்றிருந்தது. அதன் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. ‘எழுத்துருக்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், பொறு’ என்று அதற்குப் பொருள். வெள்ளன வந்து கடையைத் திறந்து, சாமிப்படத்துக்கு ஒரு பூவை வைத்துக் கணினியைப் போட்டதிலிருந்து அது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர். கதிரை கொடுத்தேன், இருக்க மாட்டோம் என்றார்கள். இருந்தால் திரை தெரியாதாம். மேசையில் வாழையிலையால் வாய் கட்டிய ஒரு தயிர்ச்சட்டி. மேலே மின்விசிறி, அறையிலிருந்த சூட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது.

“இதென்ன புள்ள, அம்மன்ட கதவே இதவிடக் கெதியாத் திறக்குமே!” என்றார் கோயில் வண்ணக்கர்.

அம்மன் கதவு வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். அதுவும் இவர்களுடைய அம்மன், இவர்களுடைய சண்டையால், சில வருடங்களாகத் திறக்கவேயில்லை. இதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாடிக்கையாளர் தெய்வம் என்று விழுங்கிவிட்டேன்.

போன கிழமை இந்தப் பத்தியில், இனி என் கடைக் கதைகளை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “கணினிக் கடையில் அப்படி என்ன பெரிய கதை நடந்துவிடும்?” ஐயா, வாருங்கள். அந்த மூன்று பேருக்கும் பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. நின்று பாருங்கள்.

தாய்வழிச் சங்கதி

மட்டக்களப்பாருக்கு இந்தப் பகுதி தேவையில்லை, தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆள் யாரென்று அறிய முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு குடியைக் கேட்பார்கள். குடி என்பது தாய் வழியாக வருகிற வமிசம். அம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. அப்பா எவ்வளவு பெரிய நிலக்காரப் போடியாராக இருந்தாலும் இந்த விசயத்தில் அவருடைய வாய் செல்லாது. கோயிலில் ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடிக்கு உரித்து. யார் முதல், யார் பிறகு, யாருக்கு வெற்றிலை பாக்கு வைத்த காளாஞ்சி முன்னால் போக வேண்டும் என்பதெல்லாம் அதன்படிதான். கோயில் பொறுப்பை வைத்திருப்பவர் வண்ணக்கர்.

நான் சொல்கிற கோயில், வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறது. ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன். குடிகளின் பேரும் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தப் பத்திரிகை அலுவலகத்தின் கண்ணாடிக்கு ஆசிரியர்தான் பொறுப்பு. நாள்கணக்கில் முதலாம் குடி, இரண்டாம் குடி, மூன்றாம் குடி, நாலாம் குடி என்று வைத்துக்கொள்வோம்.

முதலாம் குடிதான் வண்ணக்கர் கந்தப்போடி ஐயா. வெல்லாவெளிப் பக்கம் அவருக்கு வட்டை வட்டையாக வயல் கிடக்கிறது. வெள்ளைச் சால்வை, வெள்ளை மீசை, எவரையும் முழுவதும் பேச விடாத வாய்.

இரண்டாம் குடி தவராசா சேர். படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருடைய குரலுக்கு ஒருவரும் இன்னும் அறிவிக்கவில்லை.

மூன்றாம் குடி லண்டனில் இருந்தது. குகன் என்கிற தம்பி. அவர் வட்சப் அழைப்பில், சேரின் கையிலிருந்த கைபேசிக்குள், குளிருடுப்புப் போட்டுக்கொண்டு கலந்துகொண்டார்.

நாலாம் குடி பூமணி அக்கா. எருமை வைத்திருக்கிறா, தயிர் விற்கிறா. அந்தத் தயிர்ச்சட்டி அவ கொண்டுவந்ததுதான். நான் இவர்கள் ஒருவரின் குடியும் இல்லை. நான் வாவிக்கு இந்தப் பக்கத்து எழுவான்கரைக்காரி, களுதாவளைக்குக் கிட்டக் கடை வைத்திருக்கிறவள். அதனால்தான் கோயில் நோட்டீஸ் வேலையை என்னிடம் தருகிறார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

வேலை என்னவென்றால், வைகாசிச் சடங்குக்கான நோட்டீஸ். திங்கட்கிழமை கதவு திறப்பு. அன்றைக்குச் சனி. பின்னேரத்துக்குள் கோப்பு வராவிட்டால் பள்ளிக்கூட வினாத்தாள் வேலையில் இறங்கிவிடுவேன் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். அச்சுக்குப் போக முன்னம் ‘எழுத்துப் பார்க்க’ ஒவ்வொரு குடியும் ஆள் அனுப்பும். அவ்வளவு நம்பிக்கை, ஒருவர் மேல் ஒருவருக்கு!

அத்தான் வைத்த வினை

எழுத்து எப்படிக் குடிச்சொத்தானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடையைத் தொடங்கியவர் என் அக்காவின் புருசன், அத்தான். அவருக்கு எழுத்துருப் பைத்தியம். சிலர் முத்திரை சேர்ப்பார்கள், சிலர் கோழி வளர்ப்பார்கள், இவர் எழுத்துருச் சேர்ப்பார். எந்தக் கடைக்குப் போனாலும், “தம்பி, உங்கட கணினில என்னென்ன எழுத்து இரிக்கு?” என்று பென்டிரைவை நீட்டுவார். கலியாண வீட்டுக்குப் போனால் அழைப்பிதழை மோந்து பார்க்காத குறை. அப்படியே அள்ளி அள்ளிக் கணினியில் கொட்டினார். பாதி எழுத்துருவுக்குப் பொம்பிளைப் பிள்ளைகளின் பேர் வேறு. அக்கா சந்தேகப்பட்டு ஒருநாள் சோறு போடாமல் விட்டது தனிக்கதை.

ஒரு வருடம் அத்தான், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, நோட்டீஸில் முதலாம் குடியின் பேரை மட்டும் வளைவும் சுழியும் வைத்த ஒரு தடித்த எழுத்தில் போட்டுவிட்டார். வேறு நோக்கம் ஒன்றுமில்லை, பாவம்.

அடுத்த வருடம் தவராசா சேர் வந்தார். “அவங்கட பேருக்குக் கொம்பு முளைச்சிரிக்கு. எங்கட பேரு என்ன, மொட்டையா?” அவர்களுக்கும் ஒரு கொம்பெழுத்துத் தேடிக் கொடுக்கப்பட்டது. அதற்கடுத்த வருடம் மூன்றாம் குடி. மூன்று தரம் செய்தால் எங்கள் ஊரில் எதுவும் வழமை. வழமை என்றால் உரித்து. உரித்து என்றால் பிறகு வழக்கு.

எழுத்துக் கேட்டு வராதவ பூமணி அக்கா ஒருத்திதான். அதனால் நாலாம் குடிக்கு, கணினி வாங்கும்போது கூடவே வந்த சாதா எழுத்துத்தான். கோடு போட்ட மாதிரி, நேராக, ஒரு பவுசும் இல்லாமல் நிற்கும்.

அத்தான் இதையெல்லாம் தொடக்கிவைத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். அங்கே நிம்மதியாக இருக்கிறார் என்று கேள்வி.

இந்த வருடம் சண்டை தீர்ந்து கோயில் திறக்கப் போகிறது. புதுச் சட்டை மாதிரிப் புது எழுத்து வேண்டாமா? முந்தின நாள் பின்னேரம் வண்ணக்கர் ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்பினார். கொழும்பில் கணினி வேலை செய்கிற அவருடைய மருமகன் விசேசமாகச் செய்தது. சேர் இந்தியாவுக்குத் தலயாத்திரை போனபோது வாங்கிவந்த ஒன்றைக் கொண்டுவந்தார். குகன் லண்டனிலிருந்து ஒன்றை அனுப்பினார். மூன்றையும் ஏற்றி, திறந்தபடி இருந்த மென்பொருளிலேயே பேர்களை அந்தந்த எழுத்துக்கு மாற்றி, கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வட்டம் சுற்றுகிறது.

வைத்தியர்கள்

மென்பொருள் திறக்கவில்லை என்றால் உலகத்தில் எல்லாருக்கும் வைத்தியம் தெரியும்.

“நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடு,” என்றார் சேர். போட்டேன். வட்டம் சுற்றியது.

“வயரக் கழட்டிக் குத்து,” என்றார் வண்ணக்கர். கழற்றிக் குத்தினேன்.

“அக்கா, அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துங்க,” என்றது கைபேசிக்குள்ளிருந்து லண்டன். மென்பொருளையே முழுதாக அழித்துத் திரும்ப ஏற்றினேன். அது புதுப்பெண் மாதிரி வந்து, அதே படத்தைக் காட்டி, அதே வரியில் நின்றது.

வண்ணக்கர் மடியிலிருந்து திருநீற்றை எடுத்துத் திரையின் நெற்றியில் பூசினார். நான் தடுக்கவில்லை. அதுவரை செய்த வைத்தியங்களில் செலவும் சேதமும் இல்லாதது அதுதான்.

பூமணி அக்கா மட்டும் வைத்தியம் ஒன்றும் சொல்லவில்லை. “எனக்கு எருமை படுத்தா எழுப்பத் தெரியும். இது என்னத்தக் கண்டன்?” என்றா.

எனக்குச் சந்தேகம் எழுத்துருவில்தான். மென்பொருள் திறக்கும்போது கணினியில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துருவையும் ஒருதரம் தட்டிப் பார்க்கும். அதில் ஒன்று பழுது என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எது பழுது என்று சொல்லவும் மாட்டாது. சில மனிசரும் அப்படித்தான், என்ன கோபம் என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள். “இதுக்குள்ள ஆருடையோ ஒரு எழுத்துப் பிழை,” என்று நான் சொன்னேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வண்ணக்கர் கண்டுபிடித்த நோய்

வண்ணக்கர் சால்வையை உதறித் தோளில் போட்டார். “அதான் நான் முதல்லயே சொன்னன். ஒரு குடி கூடிப் போச்சு. அம்மனுக்கு விருப்பமில்ல, அதான் நிக்குது.”

எந்தக் குடி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாலாம் குடியில் இப்போது மிச்சம் பூமணி அக்கா வீடு மட்டும்தான். நாட்டில் போர் நடந்த காலத்தில் சிலர் போனார்கள், சுனாமியாகக் கடல் வந்தபோது சிலர் போனார்கள். அவவுக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள். மகன்மார் அவவின் குடிதான், ஆனால் அவர்களின் பிள்ளைகள் மருமகள்மாரின் குடி. மகன்மாரோடு அந்தக் குடி முடிந்துவிடும். இதை வைத்துத்தான் சமாதானக் கூட்டத்திலேயே ஒரு கதை எழும்பியது: நாலாம் நாள் பூசையைப் பொதுவாக்கிவிடலாமே என்று. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வருடம் நோட்டீஸில் பேர் விட்டுப்போனால் அடுத்த வருடம் அதையே காட்டி, ‘போன முறை இல்லையே’ என்பார்கள். அத்தோடு முடிந்தது.

“மச்சாள், கோவிக்காத,” என்றார் வண்ணக்கர். இரண்டு பேரும் முறைக்கு மச்சான் மச்சாள். “உனக்குப் பிறகு ஆரு இரிக்கா? நாலாம் நாளப் பொதுவாப் போட்டா இந்த மிசினுக்கும் பாரம் குறையும்.”

“மச்சான், என்ட குடி என்ன மூட்டையா, இறக்கி வைக்க?”

“சரி. அப்ப அம்மனே சொல்லட்டும்,” என்றார் அவர். “எந்தக் குடிர எழுத்தால இது நிக்குதோ, அந்தக் குடி இந்த வருசம் விலகி நிக்கட்டும். அந்த நாள் பொதுப்பூசை. சம்மதமா?”

நான் திரையை விட்டுத் திரும்பினேன். “ஐயா, இது கணினிப் பழுது. இதுக்குள்ள அம்மனை ஏன் இழுக்கிறீங்க?”

“நீ சும்மா இரு புள்ள, இது கோயில் விசயம்.”

சேர் ஒரு கணம் யோசித்தார். தன் எழுத்துத் தலயாத்திரைக்குப் போய் வந்தது, அதற்குக் குறை வராது என்ற முடிவுக்கு வந்தார்போல. “சம்மதம்,” என்றார். லண்டனும் சம்மதம் என்றது. அங்கே அப்போது விடியவேயில்லை, எதற்கும் சம்மதிக்கிற நேரம்.

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அவ முந்தானையால் முகத்தைத் துடைத்தா. தயிர்ச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்தா. எனக்கு அந்த இடத்திலேயே கணினியைத் தூக்கி வாவிக்குள் எறிய வேண்டும் போலிருந்தது.

“சரி மச்சான். ஆனா சொன்ன சொல்லு சொல்லுதான். மறுகா மாறப்படாது.”

“கந்தப்போடி எப்ப சொல்லு மாறினவன்?”

இதற்கு ஒரு பட்டியலே தரலாம். தவராசா சேர் இருமினார்.

காக்கப்பட்ட எழுத்து

“முதல்ல அவவுட எழுத்தக் கழட்டு,” என்றார் வண்ணக்கர். “கழட்டின உடன திறக்கும், பாரு.”

கழற்றப் போனேன். கணினி ஒரு சிறு பெட்டியை நீட்டியது. வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

“என்னவாம்?”

“இது காக்கப்பட்ட எழுத்தாம். கழட்டேலாதாம்.”

“நீ பிழையா அமத்திற புள்ள, தள்ளு!” அவரே குனிந்து, ஒற்றை விரலால், புளியங்கொட்டையை நசுக்குவது மாதிரி அமத்தினார். அதே பெட்டி. இன்னொருமுறை அமத்தினார். கணினிக்கு வண்ணக்கரென்றும் போடியாரென்றும் தெரியவில்லை.

“அதென்ன, எங்கட எழுத்தெல்லாம் கழட்டலாம், அவவுடத மட்டும் ஏலாதா?” சேருக்கு உரிமைப் பிரச்சினை கிளம்பிவிட்டது.

“சேர், அது கணினியோட கூடப்பிறந்தது. உங்கட எல்லாம் பிறகு குடிவந்தது.”

பூமணி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினா.

சிரிப்பு நீடிக்கவில்லை. கழற்ற முடியாது என்றால் அது கடைசிவரை உள்ளேயே இருக்கும். மற்றது எல்லாம் கழற்றியும் மென்பொருள் நின்றால் பழி அதன் தலையில்தான் விழும். வண்ணக்கருக்கும் அது விளங்கிவிட்டது. அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கதிரையில் இருந்தார்.

கூடையில் ஒரு கூழ்முட்டை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாக உடைத்தால் பொழுது போய்விடும், முட்டையும் போய்விடும். கூடையை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதி நாறுகிறது என்று மோந்தால் போதும். அந்தப் பாதியைத் திரும்ப இரண்டாக்க வேண்டும். எழுத்துருவுக்கும் அதுதான் வழி.

அத்தானின் சேகரத்தில் பாதியை வெளியே எடுத்து ஒரு மூலையில் வைத்தேன். மென்பொருளைத் திறந்தேன். வட்டம் சுற்றியது.

“நிக்குதா?” என்றார் வண்ணக்கர், தேத்தண்ணி கேட்பது மாதிரி சாவகாசமாக.

மிச்சப் பாதியையும் எடுத்தேன். அத்தானின் பொம்பிளைப் பேர்கள் முழுக்க வெளியே வந்துவிட்டன. அவர்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள். என் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். வட்டம் சுற்றியது.

இப்போது உள்ளே இருந்தது கணினியோடு வந்தவையும் மூன்று குடிகளின் புது எழுத்தும்தான். லண்டனைக் கழற்றினேன். வட்டம்.

“நான் தப்பினன்!” என்றது கைபேசி.

சேருடையதைக் கழற்றினேன். சேர் கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. வட்டம் சுற்றியது. அவர் கண்ணைத் திறந்து, “நான் சொன்னன்தானே,” என்றார். அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

மிச்சம் இரண்டு. வண்ணக்கருடையது, பூமணி அக்காவுடையது.

பூட்டு

“காணும் புள்ள,” என்றார் வண்ணக்கர். எழும்பிவிட்டார். “இனி என்னத்துக்கு? விளங்கிற்று. நாலாம் நாளப் பொதுப்பூசை எண்டு போடு.”

“இன்னும் ஒண்டு கழட்ட இரிக்கு ஐயா.”

“என்டதையா? அது முதலாம் குடிர எழுத்து. முதலாம் குடியத் தொட்டா அவசகுனம். எனக்குப் பாதை போகப் போகுது, நான் வெளிக்கிடணும்.”

பாதை என்பது வாவியைக் கடக்கிற எங்கள் இயந்திரப் படகுப் பாலம். அது பின்னேரம் வரை போய் வந்துகொண்டேதான் இருக்கும். அவருக்கும் தெரியும்.

எனக்கு வந்ததே கோபம்! “ஐயா, இது என்ட கடை. பழுது பாக்கத் தொடங்கினா முடிவு மட்டும் பாக்கிறது என்ட வழமை. அதையும் உரித்தெண்டு வச்சுக்கொள்ளுங்க.”

“கழட்டு புள்ள,” என்றா பூமணி அக்கா. “என்டதெண்டா நான் இண்டைக்கே விலகுறன். இல்லாட்டி மச்சான் பேசட்டும்.”

கழற்றினேன். மென்பொருளைத் தட்டினேன்.

வரவேற்புப் படம் வந்தது. பொடி எழுத்து ஒரு மின்னல் மின்னிவிட்டு ஓடியது. வெள்ளைப் பக்கம் பளிச்சென்று திறந்தது. முந்தின நாள் செய்த நோட்டீஸைக் கொண்டுவந்தேன். எழுத்தில்லாத குடிகளின் பேர் இருந்த இடத்தில் வெறும் சதுரப் பெட்டிகள், வரிசையாக. முதலாம் நாள், பெட்டி பெட்டி பெட்டி. இரண்டாம் நாள், மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாளில் மட்டும் பூமணி அக்காவின் குடிப் பேர், நேராக, கோடு போட்ட மாதிரி, ஒரு கால் ஒரு கொம்பு குறையாமல் நின்றது.

“அங்க என்ன நடக்குது?” என்று லண்டன் கேட்டது.

கொழும்பு மருமகனுக்கு நான் அழைப்பு எடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன், சபைக்கு மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவர் நல்ல பிள்ளை, கேட்டதும் சொல்லிவிட்டார்.

“ஓம் அக்கா, அத நான் கொஞ்சம் மாத்தினதான். பழைய எழுத்த இரண்டாம் குடி ஆக்கள் எடுத்துக் கலியாண அட்டைக்குப் போட்டிட்டாங்க எண்டு மாமாக்குச் சரியான கோவம். இந்த முறை ஒருத்தரும் எடுக்கேலாத மாதிரிப் பூட்டித் தா எண்டவர். உள்ளுக்க சில இடத்தில கை வச்சன். திறக்கேல்லையா?”

“நல்லாத்தான் பூட்டியிரிக்கீங்க தம்பி,” என்றேன். “வீட்டுக்காரனே உள்ள போகேலாது.”

இப்படியொரு பூட்டு உலகத்தில் வேறெங்கும் போட்டிருப்பார்களா தெரியாது. எழுத்துக்குப் பூட்டு! தமிழ் படித்தவன் எவனும் எழுதலாம் என்றிருந்த ஒன்றுக்கு வேலி போட்டு, கடைசியில் வேலிக்குள் தானே அகப்பட்டுக்கொண்டார் மனிசன்.

சொன்ன சொல்

சேர் முந்திக்கொண்டார். “சொன்ன சொல்லு எண்டு ஒண்டு இரிக்கு, வண்ணக்கர். அம்மன் பேரால சொன்னது. முதலாம் நாள் பொதுப்பூசை.” முதலாம் குடி விலகினால் இரண்டாம் குடி எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் பார்க்கச் சேருக்குக் கைவிரல் தேவைப்படவில்லை.

வண்ணக்கர் கதிரையில் திரும்ப இருந்தார். சால்வை மடியில் கிடந்தது. எத்தனையோ வருடமாக அந்த மனிசனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் நான். அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. அவருக்காகப் பாவப்பட வேண்டி வந்ததில் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

“மச்சாள்,” என்றார்.

பூமணி அக்கா திரைக்குக் கிட்டப் போய் நின்றா. பெட்டிகளைப் பார்த்தா, தன் குடியின் பேரைப் பார்த்தா.

“சேர், இந்த வருசம் இவர விலத்தினா, வாற வருசம் உங்கள விலத்த இவர் நிப்பார். மறுகா லண்டன். கடைசில கதவு திறக்க அம்மனும் நானும் என்ட எருமையும்தான் மிஞ்சுவம்.” வண்ணக்கர் பக்கம் திரும்பினா. “குடியக் கழட்டுற கதைய இனி ஆரும் கதைக்கப்படாது மச்சான். என்டதையும் சரி, உங்கடதையும் சரி. அது போதும் எனக்கு.”

“அப்ப எங்கட பேரு…?” வண்ணக்கர் பெட்டிகளைக் காட்டினார். நெற்றியில் திருநீற்றோடு திரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ரஞ்சி, மச்சான்ட குடிக்கு எங்கட எழுத்தக் குடு,” என்றா என்னிடம். “இரவலாத்தான்.”

சேர் தன் எழுத்தைத் திரும்ப ஏற்றச் சொன்னார். அது குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிட்டதாம். லண்டனும் கேட்டது. “கழட்டினது கழட்டினதுதான். ஒண்டையும் திரும்பப் போட மாட்டன். வேணுமெண்டா வேற கடை பாருங்க,” என்றேன். அந்த நேரத்தில் வேறு கடைக்குப் போனால் அச்சகம் போய்விடும். ஆகவே இரண்டு பேரும் இரவல் வாங்கினார்கள்.

நாலு நாளும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், கொம்பும் சுழியும் இல்லாமல் அந்த நோட்டீஸ் போனது. அதைப்போல வடிவான ஒரு நோட்டீஸ் என் கடையிலிருந்து அதற்கு முன் போனதில்லை. அத்தானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ‘சாதாவாக இருக்கிறது’ என்று பதில் வந்தது.

நாலாம் நாள்

நாலாம் நாள் பூசைக்குப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போனேன். கோயில் வளவில் வேப்பிலையும் சாம்பிராணியும் மணத்தது. ஒலிபெருக்கியில் வண்ணக்கரின் குரல், நோட்டீஸைப் பார்த்துப் பார்த்து, நாலாம் குடியின் பேரைச் சொல்லிக் காளாஞ்சிக்குக் கூப்பிட்டது. பூமணி அக்காவின் மூத்த மகன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனான். அவ பின்னால் நின்று அழுதா. மறைக்கவும் இல்லை.

பூசை முடிந்து சனம் கலைகிற நேரம் வண்ணக்கர் என்னிடம் வந்தார். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“புள்ள, எல்லாரும் நோட்டீஸ் வடிவு எண்டு சொல்லுறாங்க. வாற வருசமும் அந்த எழுத்துத்தானே போடுவாய்?”

“என்னட்டக் கேட்டா ஐயா? உரித்துக்காரி அங்க நிக்கிறா.”

அவர் மீசையைத் தடவினார். சால்வையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க, அக்கா நின்ற பக்கம் நடந்தார். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவவின் குரல் மட்டும் வளவு முழுக்கக் கேட்டது.

“வாற வருசம் வந்து கேளுங்க மச்சான். நான் இஞ்சதான் இரிப்பன்.”